செவ்வாய்ப்பேட்டை ஏலச்சீட்டு: 20 மாசம் கட்டி முடிச்ச என் அனுபவம்

போன மாசத்தோட எங்க சீட்டு முடிஞ்சுது. 1 லட்ச ரூபாய் சீட்டு, 20 பேரு, மாசம் 5,000. சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒரு மாடி ரூம்ல ஆபீஸ் வச்சு நடத்துறாங்க, பதிவு பண்ண கம்பெனிதான், சின்ன கம்பெனி. பேரு போடல, போட்டா ஒண்ணு வெளம்பரம் மாதிரி ஆயிடும், இல்லன்னா கீழ நான் சொல்லப்போற கொறையெல்லாம் அவங்க மேல சண்டை போடற மாதிரி ஆயிடும், எனக்கு ரெண்டும் வேணாம். இந்த மாதிரி சின்ன சீட்டுல சேரலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்காகத்தான் எழுதறேன். மார்க் கேட்டா 5க்கு 4.

நான் ஒரு கொலுசு பட்டறையில கணக்கு எழுதறேன். படிச்சது பிஎஸ்சி கணக்கு, சேலத்துலயே. கடைசி வருஷம் ஓஆர், அதாவது ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர்ல விளையாட்டுக் கோட்பாடுன்னு ஒரு யூனிட் வரும், படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ரெண்டு பேரு ஆடற ஆட்டம், ஒருத்தன் ஜெயிச்சது அப்படியே இன்னொருத்தன் தோத்தது, கட்டம் போட்டு சேடில் பாயிண்ட் கண்டுபிடிச்சா 10 மார்க். அதுக்கு மேல அது என்னத்துக்குன்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல. இந்த 20 மாசத்துலதான் அந்த யூனிட் என்னத்துக்குன்னு எனக்குப் புரிஞ்சுது, அதுக்கப்புறம் தேடித்தேடி படிச்சேன், அதையும் சேத்துதான் இந்த ரிவ்யூ.

முதல்ல சீட்டு எப்படி ஓடுதுன்னு தெரியாதவங்களுக்கு. மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை 11 மணிக்கு எல்லாரும் வருவாங்க. 20 பேரு 5,000 கட்டினா 1 லட்சம். அந்த 1 லட்சத்த இந்த மாசம் யாரு எடுக்கறதுன்னு ஏலம். யாரு அதிகமா தள்ளி எடுக்கறாங்களோ அவங்களுக்கு. 30,000 தள்ளினா கையில 70,000 வரும். அந்த 30,000ல கம்பெனி கமிஷன் 5,000 போக மீதி 25,000ஐ 20 பேருக்கும் பிரிப்பாங்க, ஆளுக்கு 1,250 கசர். அந்த மாசம் நீங்க 5,000க்கு பதிலா 3,750 கட்டினா போதும். சில எடத்துல முதல் மாசத்த கம்பெனியே எடுத்துக்கும், இங்க அப்படி இல்ல, முதல் மாசமே ஏலம் விட்டாங்க. 40,000க்கு மேல தள்ள முடியாதுன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கு, ரெண்டு மூணு பேரு 40,000ல வந்து நின்னுட்டா குலுக்கல்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ஒரே ரூம்ல ஒரே ஆளுங்க ஒரே நேரத்துல போட்டியும் போடறாங்க, கூட்டாவும் இருக்காங்க. பணம் கட்டறது கூட்டு, ஒருத்தர் கட்டலன்னாலும் ஆடிப்போயிடும். ஏலம் போட்டி, ஆனா அந்தப் போட்டி சூடா இருந்தாத்தான் மத்தவங்களுக்கு கசர். போட்டி இல்லாத சீட்டுல கசர் இல்ல, கூட்டு இல்லாத சீட்டே இல்ல. எங்க சீட்டுல முதல் மாசம் 40,000 போச்சு, ரெண்டாவது 38, மூணாவது 36, அப்படியே எறங்கி ஏழாவது மாசம் 28, எட்டாவது மாசம் மறுபடி 30க்கு ஏறிச்சு. அது நவம்பர். ஏற்காட்டுல காப்பி பறிப்பு ஆரம்பிக்கிற நேரம். எங்க குரூப்ல மலையிலருந்து ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் சின்னத் தோட்டம், ஆளுங்களுக்கு முன்பணம் குடுக்கணும், 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி வந்து ரெண்டு பேரும் மோதிக்கிட்டாங்க, ஒருத்தர் எடுத்தார், இன்னொரு அண்ணன், நாகலூர் பக்கம், வெறுங்கையோட பஸ் ஏறினார். அன்னைக்கு எங்க எல்லாருக்கும் கசர் 1,250. அவரு போன மூஞ்சிய பாத்துட்டு அந்தக் கசர வாங்க கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

இப்ப சேர்றதுக்கு முன்னாடி எல்லாரும் பயப்படற விஷயத்துக்கு வரேன். மொத மாசமே 60,000 எடுத்துட்டுப் போனவரு மீதி 19 மாசம் ஏன் கட்டணும்? அவருக்கு வரவேண்டியது வந்துருச்சே. எங்க தெருவுல முன்னாடி ஒரு சீட்டு நடந்துச்சு, பதிவு கிதிவு ஒண்ணும் இல்ல, எடுத்தவங்க ரெண்டு பேரு நிறுத்துனாங்க, அதப் பாத்து இன்னும் மூணு பேரு நிறுத்துனாங்க, கடைசில நடத்தினவங்களும் வீட்டக் காலி பண்ணிட்டாங்க, எங்க அம்மாவோட 38,000 போச்சு. அதனாலதான் நான் இவ்வளவு தோண்டித் துருவிப் பாத்தேன்.

இதையே 1950ல அமெரிக்காவுல ராண்ட்ன்னு ஒரு நிறுவனத்துல மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர்ன்னு ரெண்டு பேரு ஆட்டமா வச்சுப் பாத்திருக்காங்க. அப்புறம் டக்கர்ங்கற கணக்கு வாத்தியார் அதுக்கு ரெண்டு கைதி கதைய சேத்தார், அதனால கைதியின் இக்கட்டுன்னு பேரு. எதிராளி என்ன பண்ணினாலும் ஏமாத்தறதுதான் எனக்கு லாபம், அவனுக்கும் அப்படித்தான், ஆனா ரெண்டு பேரும் ஏமாத்தினா ரெண்டு பேருக்கும் நஷ்டம். கணக்குப்படி ஏமாத்தத்தான் செய்யணும். ஆனா அவங்க ரெண்டு ஆள உக்கார வச்சு 100 தடவ ஆட வச்சப்ப, 60 தடவ ரெண்டு பேரும் ஒத்துப்போயிருக்காங்க. திரும்பத் திரும்ப அதே மூஞ்சிய பாக்கணும்னா மனுஷன் வேற மாதிரி நடந்துக்கறான்.

1980 வாக்குல ராபர்ட் ஆக்ஸல்ராட்ன்னு ஒருத்தர் இத கம்ப்யூட்டர்ல போட்டியாவே நடத்தினார். 14 பேரு புரோகிராம் அனுப்பினாங்க, ரொம்ப தந்திரமானதெல்லாம் வந்துச்சு, ஜெயிச்சது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பின ரொம்பச் சின்ன ஒண்ணு. மொதல்ல ஒத்துப்போ, அதுக்கப்புறம் எதிராளி போன தடவ என்ன பண்ணினானோ அதையே நீயும் பண்ணு, அவ்ளோதான். ரெண்டாவது தடவ 62 பேரு அனுப்பினாங்க, எது ஜெயிச்சதுன்னு தெரிஞ்சே அனுப்பினாங்க, அப்பவும் அதேதான் ஜெயிச்சுது. நம்ம ஊர்ல மொய் நோட்டு வச்சுருக்கமே, அதே மாதிரிதான், நீ எனக்கு 500 எழுதினியா நானும் உனக்கு 500க்கு கொறையாம எழுதுவேன், நீ எழுதலயா சரி.

ஆனா சீட்டுல ஒரு வில்லங்கம் இருக்கு. 20 மாசத்துல முடிஞ்சுடும்னு எல்லாருக்கும் தெரியும். கடைசி மாசம் ஏமாத்தினா அடுத்து யாரும் திருப்பிக் குடுக்க முடியாது, அப்ப கடைசி மாசம் ஏமாத்தலாம், அது தெரிஞ்சா 19லயே ஏமாத்தலாம், அப்படியே பின்னாடி பின்னாடி வந்தா மொத மாசமே எல்லாம் சரிஞ்சுடணும். புத்தகக் கணக்கு அப்படித்தான் சொல்லுது. இந்த ஆபீஸ்ல ஏன் சரியலன்னு பாத்தா, எங்க 20 பேருல 11 பேரு இதுக்கு முன்னாடி சீட்டுலயும் இருந்தவங்க, அடுத்ததுலயும் வருவாங்க. அவங்களுக்கு 20வது மாசம் கடைசி மாசமே இல்ல. அதனால நீங்க எந்தச் சீட்டுல சேந்தாலும் கமிஷன் எவ்ளோன்னு கேக்கறதுக்கு முன்னாடி பழைய ஆளுங்க எத்தன பேருன்னு கேளுங்க. இது என் அனுபவத்துல தெரிஞ்ச மொத விஷயம்.

ரெண்டாவது, கட்டலன்னா என்ன பண்றாங்கங்கறது. இங்க ஒரு வாரம் லேட்டானா கணக்கு பாக்கற அக்கா போன் பண்ணி சாப்டியா கண்ணு, எல்லாம் நல்லாருக்கீங்களான்னு கேப்பாங்க, பணத்தப் பத்தி கடைசியில ஒரு வார்த்தை. அடுத்த மாசமும் லேட்டானா அந்த மாச கசர் கெடையாது, முழு 5,000. அதுக்கும் மேல போனா ஜாமீன் போட்டவங்களுக்கு போன் போகும். எலினார் ஆஸ்ட்ரம்ன்னு ஒரு அம்மா, 2009ல பொருளாதார நோபல் வாங்கினவங்க, அந்தத் துறையில வாங்கின மொத பொம்பள, அவங்க ஊரு ஊரா மேய்ச்சல் நெலம், பாசன வாய்க்கால், மீன்பிடி இதெல்லாம் பாத்து ரொம்ப நாள் தாக்குப்பிடிச்ச கூட்டங்கள்ல என்ன இருக்குன்னு 1990லயே எழுதியிருக்காங்க. அதுல ஒண்ணு இதேதான், தண்டனை சின்னதா ஆரம்பிச்சு படிப்படியா ஏறணும், எடுத்த எடுப்புல கழுத்தப் புடிக்கக்கூடாது. பொதுச் சொத்துன்னா அழிஞ்சுதான் போகும்னு 1968ல காரெட் ஹார்டின் எழுதினத எல்லாரும் நம்பிட்டிருந்தாங்க, இவங்க போய் பாத்துட்டு வந்து இல்லன்னு சொன்னாங்க. நம்ம ஊரு ஏரிகள்ல நீர்க்கட்டின்னு தண்ணி பங்கிடற ஆள வச்சு மடை தெறந்து மொறை வச்சு தண்ணி விட்டவங்களுக்கு இது புதுசா இருக்காது.

சரி, இந்த ரிவ்யூ எழுதணும்னு தோண வச்ச விஷயத்துக்கு வரேன். 14 மாசம் முடிஞ்சப்ப எடுக்காதவங்க ஆறு பேரு மீதி. நான், நாகலூர் அண்ணன், அம்மாபேட்டை தறி அக்கா, வெள்ளி பாலிஷ் போடற ஒரு தம்பி, ஜவ்வரிசி மில்லுக்கு லாரி ஓட்டற அண்ணன், தட்டுவடை செட் கடை வச்சிருக்கற அண்ணன். 14வது ஏலம் 19,000க்கு போச்சு. அன்னைக்கு கீழ டீக்கடையில லாரி அண்ணன்தான் பேச்ச ஆரம்பிச்சார். நாம ஆறு பேரும் ஏன் அடிச்சுக்கணும், யாரும் தள்ள வேணாம், கமிஷன் 5,000 மட்டும் போகட்டும், யாருக்கு எந்த மாசம்னு நமக்குள்ள குலுக்கிப்போம், ஆளுக்கு 95,000 கெடைக்கும். எல்லாரும் சரின்னோம். நானும் சரின்னேன். சிகரெட் அட்டைய கிழிச்சு நம்பர் எழுதிக் குலுக்கினோம், மொத நம்பர், அதாவது ஜூன் மாசம், பாலிஷ் தம்பிக்கு விழுந்துச்சு. தறி அக்காவுக்கு அஞ்சு.

எனக்கு அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஆறு பேரு சண்டையில்லாம ஒத்துமையா ஒரு முடிவு எடுத்திருக்கோம்னு வீட்ல போய் சொன்னேன்.

ஜூன் ஏலத்தன்னைக்கு தறி அக்கா முன்னாடியே வந்து பாலிஷ் தம்பிகிட்ட கேட்டிருக்காங்க, பாப்பாவுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும் தம்பி, இந்த வாரம் கடைசி, எனக்கு உட்டுக்குடுத்துட்டு என் நம்பர நீ எடுத்துக்கப்பான்னு. அவன், இல்லக்கா வெள்ளி வெல ஏறிட்டே போகுது, நானும் சரக்கு புடிக்கணும், குலுக்கினது குலுக்கினதுதான்னு சொல்லிட்டான். ஏலம் ஆரம்பிச்சுது. பாலிஷ் தம்பி 5,000 கேட்டான், ஒரு தரம், ரெண்டு தரம்னு வந்தப்ப அக்கா தலைய நிமிராம எட்டாயிரம்னாங்க. ரூமே கம்முனு ஆயிடுச்சு. தம்பி வாயத் தெறக்கல. மூணு தரம்.

எனக்கு மொதல்ல கோவம்தான் வந்துச்சு. பேசி வச்சத ஒடச்சுட்டாங்கன்னு லாரி அண்ணன் படியில நின்னு கத்தினார், நானும் அவரு பக்கம்தான் நின்னேன். வீட்டுக்கு வந்து பட்டறை கணக்கு நோட்டுல பின்பக்கம் ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். நாங்க பேசாம விட்டிருந்தா அந்த ஆறு ஏலமும் தோராயமா 18, 15, 12, 9, 7, 5ன்னு எறங்கியிருக்கும். மொத்தம் 66,000, கமிஷன் 30,000 போக 36,000, 20 பேருக்கு ஆளுக்கு 1,800 கசர். எங்க ஆறு பேருக்கு சராசரி 89,000மும் அந்த 1,800ம், ஆக 90,800. டீக்கடை ஒப்பந்தப்படி 95,000. ஆளுக்கு 4,200 கூட, ஆறு பேருக்கு 25,200. இது எங்கருந்து வருது? ஏற்கனவே எடுத்த 14 பேரு ஆளுக்கு 1,800 இழக்கறாங்க, 14ஐ 1,800ஆல பெருக்குங்க, அதே 25,200. ஒரு ரூபா பிசகல.

அந்த 14 பேரு யாரு? ஆரம்பத்துலயே 40,000, 38,000ன்னு தள்ளி எடுத்தவங்க. அவசரம்னு வந்தவங்க. அவங்க தள்ளின காசுல 14 மாசம் நாங்க கசர் வாங்கினோம், எங்க முறை வந்தப்ப கதவச் சாத்திக்கிட்டோம். நான் ஒத்துமைன்னு சந்தோஷப்பட்டது 14 பேரு பைய தொழாவறதுக்கான ஒத்துமை. படிச்ச காலத்துல கூட்டுன்னா நல்லது போட்டின்னா கெட்டதுன்னு மனசுல பதிஞ்சு போச்சு, யாரோட கூட்டு, யாருக்கு எதிரான கூட்டுன்னு கேக்கத் தோணவே இல்ல. தறி அக்கா ஒடச்சது ஆறு பேரு ஒப்பந்தத்த, அதனால 20 பேருக்கும் ஆளுக்கு 150 ரூபா கசர் கெடைச்சுது. சின்னத் தொகைதான். ஆனா அடுத்த மாசம் அவங்ககிட்ட போய் நான் பேசிட்டேன், தப்பு எங்க மேலதான்க்கான்னு. அவங்க பதிலுக்கு, பாப்பா சேந்துட்டா சாமி, அது போதும்னாங்க.

அதுக்கப்புறம் நடந்தது அப்படியே ராப்போபோர்ட் புரோகிராம் மாதிரி. 16வது மாசம் பாலிஷ் தம்பியும் லாரி அண்ணனும் மோதினாங்க, 9,000 போச்சு, லாரி அண்ணன் எடுத்தார். 17ல நான் 7,000 தள்ளி எடுத்தேன், மழைக்கு முன்னாடி ஓடு மாத்த வேண்டியிருந்துச்சு. 18ல தம்பி 6,000. கடைசி ரெண்டு பேருக்கு சண்டை போட ஒண்ணுமே இல்ல, தட்டுவடை அண்ணனுக்கு அக்டோபர்ல தீபாவளிக்கு முன்னாடி வேணும், நாகலூர் அண்ணனுக்கு நவம்பர்ல பறிப்புக்கு வேணும், ரெண்டும் 5,000லயே முடிஞ்சுது. போன வருஷம் வெறுங்கையோட மலையேறின மனுஷன் இந்தத் தடவ 95,000த்தோட ஏறினார். இது யாரு வாயிலருந்தும் புடுங்கினது இல்ல, தேவை ஒத்துப்போச்சு அவ்ளோதான்.

மொத்தக் கணக்கு வேணும்னா: 20 மாசமும் சேத்து ஆளுக்கு 17,300 கசர் வந்துச்சு, அதாவது எல்லாரும் கட்டினது 82,700. நான் கையில வாங்கினது 93,000. மொத மாசம் எடுத்தவரு வாங்கினது 60,000, அவரும் கட்டினது 82,700தான். அவருக்கு அது வட்டி, அவசரத்துக்கு கந்துவட்டிக்காரன்கிட்ட போகாம தப்பிச்சாரு. எனக்கு 10,300 லாபம். சேமிப்புன்னு பாத்தா தேவலாம், ஆனா அவசரமே இல்லாதவங்களா 20 பேரு சேந்தா யாரும் தள்ள மாட்டாங்க, கசரும் வராது. கலந்து இருக்கற குரூப்பா பாத்து சேருங்க.

இப்ப கொறை. எடுத்தப்புறம் பணம் கைக்கு வர எனக்கு 19 நாள் ஆச்சு. ஜாமீனுக்கு ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் சம்பள சர்ட்டிஃபிகேட்டோட வேணும்னாங்க, அது நியாயம்தான், ஆனா சேர்றப்பவே தெளிவா சொல்லியிருக்கணும். நான் எடுத்தப்புறம் சொல்றாங்க, ஓடு மாத்தறவர்கிட்ட நாலு தடவ நாள் தள்ளிப் போட்டேன்.

பெரிய கொறை ஆப். 11வது மாசம் ஒரு ஆப் கொண்டு வந்தாங்க, வீட்லருந்தே ஏலம் கேக்கலாம். 2019 சீட்டு நிதிச் சட்டத் திருத்தத்துலயே வீடியோ வழியா கலந்துக்கலாம்னு வந்துருச்சு, அதனால தப்பு ஒண்ணும் இல்ல, மலையிலருந்து வர்றவங்களுக்கு பஸ் செலவு மிச்சம். ஆனா ஆப்புல பேரு வராது, வெறும் டிக்கெட் நம்பர், அதாவது சீட்டுல ஆளுக்கு ஒண்ணா இருக்கற எண். 7ம் நம்பர் 22,000. 7ம் நம்பர் யாரு, ஏன் அவ்ளோ தள்றாங்க, வீட்ல என்ன கஷ்டம், ஒண்ணும் தெரியாது. 11, 12 ரெண்டு மாசமும் ஆப்புலயே நடந்துச்சு, அந்த ரெண்டு மாசம்தான் அஞ்சு பேரு பணம் லேட்டு. மத்த எந்த மாசமும் ரெண்டு பேருக்கு மேல லேட்டு ஆனதில்ல. ரெண்டு மாசத்த வச்சு அடிச்சுச் சொல்ல முடியாதுதான், ஆனா ஆஸ்ட்ரம் அம்மாவும் அவங்களோட வேல செஞ்சவங்களும் 1992ல சோதனை பண்ணி எழுதினது இதோட ஒத்துப்போகுது: தண்டனையே இல்லாம வெறுமனே நேர்ல உக்காந்து பேச விட்டாலே ஆளுங்க கூட்டா நடந்துக்கறது கணிசமா ஏறுதாம். நாங்க போய் சொன்னதும் 13லருந்து மறுபடி நேர்லயே நடத்தினாங்க, வர முடியாதவங்களுக்கு மட்டும் போன்ல வீடியோ. சொன்னத கேட்டு மாத்தினதுக்கே ஒரு மார்க் கூட குடுத்தேன்.

சேரப்போறவங்க பாக்க வேண்டியது: 1982 சீட்டு நிதிச் சட்டத்துல பதிவான சீட்டா, முன் அனுமதி எண் என்னன்னு கேளுங்க, ஒப்பந்தக் காப்பி கையில வாங்குங்க. கமிஷன் இப்ப சட்டப்படி 7 சதவீதம் வரைக்கும் போகலாம், எங்களுக்கு 5. பாஸ்புக்ல மாசாமாசம் கசர் எழுதி வாங்குங்க, ஆப்புல இருக்குன்னு விட்டுடாதீங்க.

அடுத்த சீட்டு தை மாசம் ஆரம்பிக்கிறாங்க, 25 பேரு, மாசம் 4,000. நான் பேரு குடுத்துட்டேன். தறி அக்காவும் குடுத்திருக்காங்க, பாலிஷ் தம்பியும் குடுத்திருக்கான். லாரி அண்ணன் யோசிக்கறேன்னு சொன்னார். நான் போன வாரம் விசாரிச்சப்ப நாலு டிக்கெட் மீதி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை போனா வண்டி நிறுத்த எடம் கெடைக்கும், மத்த நாள்ல அந்தத் தெருவுல சரக்கு ஆட்டோ நின்னு வழியே இருக்காது. மாடிப்படி செங்குத்தா இருக்கும், வயசானவங்கள கூட்டிட்டுப் போனா கைய புடிச்சுக்கோங்க.